பழைய கமடோர் 64 உயிர் பெறவில்லை என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?

பரணில் கிடந்த கமடோர் 64 வீட்டுக் கணினி, சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்குகூட எரியவில்லை, விட்டு விட்டுப் போட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை உடனே நிறுத்துங்கள். பவர் சப்ளை பெட்டியைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

1982-இல் வந்த இந்த மெஷினை முதுமையைவிட அதிகமாகக் கொன்றது அதோடு வந்த பவர் சப்ளைதான் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பெட்டி இரண்டு மின்சாரம் தருகிறது: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. 5 வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் பழசாகிப் பழுதானால் பல சமயம் வோல்டேஜ் குறைவதில்லை, ஏறிவிடுகிறது. கணினிக்குள் இருக்கும் பியூஸ் 9 வோல்ட் வழியை மட்டும்தான் காக்கும், 5 வோல்ட் வழியில் குறுக்கே நிற்க ஒன்றுமே கிடையாது, அதனால் ஏறிய வோல்டேஜ் நேராக சிப்புகளுக்குப் போய் பெரும்பாலும் ராமைத்தான் (நினைவகச் சிப்புகளைத்தான்) முதலில் காவு வாங்கும். பெட்டியைப் பிரித்துச் சரிசெய்யலாம் என்றால் பல மாடல்களில் உள்ளே முழுக்க எபாக்ஸி பிசினை ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று, அது அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்த செட்டா? அப்படியென்றால் பெட்டியின் அடியில் என்ன வோல்ட் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அவர்கள் ஊர் 120 வோல்ட் பெட்டியை நம் 230 வோல்ட் பிளக்கில் செருகவே கூடாது.

சரி, மல்ட்டிமீட்டரை எடுங்கள். கணினியில் செருகாமல், பெட்டியின் ஏழு பின் பிளக்கில் 5-ஆம் பின்னுக்கும் 2-ஆம் பின்னுக்கும் இடையே டிசி அளவு 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 6, 7 பின்களுக்கு இடையே ஏசி 9 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும், சுமை இல்லாததால் அப்படித்தான் வரும், பயப்பட வேண்டாம். சும்மா அளந்து 5 வோல்ட் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடவும் வேண்டாம். 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அந்த 5 வோல்ட்டில் மாட்டினால் ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும், அரை மணி நேரம் விட்டு மீட்டரைக் கவனியுங்கள் (ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், கை வைக்காதீர்கள்). அதில் பாஸானாலும் பழைய பெட்டியை நான் மெஷினில் மாட்ட மாட்டேன், ஏனென்றால் இன்று நன்றாக இருப்பது நாளைக்கே எகிறலாம். புதிதாகச் செய்த சப்ளை வாங்குங்கள், முடியாவிட்டால் 5.5 வோல்ட்டைத் தாண்டினால் துண்டித்துவிடும் பாதுகாப்புச் சர்க்யூட் ஒன்றையாவது நடுவில் போடுங்கள்.

நல்ல சப்ளை கொடுத்தும் விளக்கு எரியவில்லையா? அந்த விளக்கு 5 வோல்ட்டில் எரிவது. அப்படியென்றால் சுவிட்சின் உள்ளே அழுக்குப் பிடித்திருக்கும், அல்லது பவர் சாக்கெட்டின் சால்டர் விட்டிருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுவிட்சைப் பலமுறை ஆட்டுவதும், சாக்கெட் பின்களுக்கு மறுபடி சால்டர் வைப்பதும் பெரும்பாலும் போதும். விளக்கின் வயர் போர்டில் சரியாகச் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

விளக்கு எரிந்து திரை மட்டும் கறுப்பாக இருந்தால் கதை வேறு. டிவி, கேபிள் எல்லாம் சரியென்று பார்த்துவிட்டு, போர்டில் இருக்கும் 1.5 ஆம்பியர் பியூஸை முதலில் சோதியுங்கள். பழைய போர்டுகளில் வீடியோ சிப்புக்குத் தேவையான 12 வோல்ட் அந்த 9 வோல்ட் ஏசியிலிருந்துதான் உருவாகிறது, பியூஸ் போனால் படமே வராது. பின்னால் வந்த சின்ன போர்டுகளில் படம் வந்துவிடும், சத்தம் மட்டும் வராது.

பியூஸும் நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் பிஎல்ஏ சிப் (எந்த நேரத்தில் எந்தச் சிப் வேலை செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது), அப்புறம் ராம். பழைய போர்டுகளில் ராம் எட்டு தனித்தனி சிப்புகள். சில நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொன்றாக விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள், மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அதுதான் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம். டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ் (பழுதைக் கண்டுபிடிக்கக் கணினியில் செருகும் சோதனை அட்டை) கிடைத்தால் இன்னும் நல்லது, ராம் பழுதென்றால் எந்த சிப் என்பதைத் திரையைச் சிமிட்டிச் சொல்லிவிடும். மெஷின் ஓடும்போது சிப்பைப் பிடுங்குவதோ ஜாய்ஸ்டிக் போர்ட்டின் பின்களைத் தொடுவதோ கூடாது, கையிலிருந்து பாயும் ஸ்டாட்டிக்கே, கீபோர்டையும் ஜாய்ஸ்டிக்கையும் கவனிக்கும் சிஐஏ சிப்பைத் தீர்த்துவிடும்.

எல்லாம் சரியானால் நீலத் திரையில் 38911 பைட் காலியாக இருப்பதாக ஒரு வரி வரும். அது வராவிட்டால், 5 வோல்ட் அளவு எவ்வளவு, விளக்கு எரிகிறதா, போர்டில் அச்சிட்டிருக்கும் எண் என்ன என்று இந்த மூன்றையும் எழுதுங்கள், அடுத்து எதைத் தொடலாம் என்று பார்ப்போம்.