புதிய ஜாஸ் தொகுப்புகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜாஸ் இசை குறித்து நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். கேட்கும் ஆவல் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளியாகும் புதிய தொகுப்புகளின் எண்ணிக்கை மலைக்க வைக்கிறது. மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன் போன்ற முன்னோடிகளை முழுமையாகக் கேட்ட பிறகே புதியவற்றுக்கு வரவேண்டும் என்கிறார் நண்பர் ஒருவர். அண்மை ஆண்டுகளில் வெளிவந்தவற்றுள் எதிலிருந்து தொடங்கலாம்? கேட்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பரின் கருத்தை நான் ஏற்கவில்லை. ஜாஸ் கலைஞர்கள் தங்கள் முன்னோடிகளின் பாடல்களை எடுத்து வாசித்தும், அவர்களுக்கென்று புதிதாக இயற்றியும், அவர்களுடனேயே மேடையேறியும் வளர்ந்தவர்கள் என்பதால், இன்று வெளியான ஒரு நல்ல தொகுப்பிலிருந்து அரை நூற்றாண்டு பின்னால் செல்வதற்கு எப்போதும் ஒரு வழி இருக்கும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான்: டிரம்ஸ் வாசிப்பவரைக் கவனியுங்கள். புதிதாகக் கேட்பவர் மெட்டைப் பற்றிக்கொண்டு நடக்கிறார். ஓரிரு நிமிடங்களில் மெட்டு விலகி மனோதர்மம் தொடங்கியதும் திசை தெரியாமல் நின்றுவிடுகிறார். அப்போதும் டிரம்ஸ் வாசிப்பவர் பாடலின் வடிவத்தை மனத்தில் வைத்திருப்பார். மற்றவர்கள் சொல்வதற்கு அவர் எங்கே பதில் சொல்கிறார், எங்கே வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார் என்று கவனிக்கத் தொடங்கினால் குழு முழுவதும் காதில் பிடிபடும்.

இதற்கு மிகப் பொருத்தமான தொடக்கம் ஆம்ப்ரோஸ் அகின்முசிரேயின் 'அவுல் சாங்' (2023). டிரம்பெட், கிதார், டிரம்ஸ் ஆகிய மூன்று மட்டுமே. பியானோவும் இல்லை, தாழ்ந்த சுரங்களுக்கான தந்திக் கருவியான பாஸும் இல்லை. கிதார் வாசிப்பவர் பில் ஃப்ரிசெல், டிரம்ஸ் வாசிப்பவர் நியூ ஆர்லியன்ஸ் மரபில் வந்த ஹெர்லின் ரைலி. அகின்முசிரே எவ்வளவு வேகமாகவும் வாசிக்கக்கூடியவர். அவர் இதில் ஒரு சுரத்தை ஊதிவிட்டு அது அடங்கும்வரை காத்திருக்கும் துணிவு என்னை மிகவும் கவர்ந்தது. 'மிஸ்டர் ரைலி' என்ற பகுதியில் டிரம்பெட்டும் டிரம்ஸும் மட்டும் உரையாடுகின்றன. நீங்கள் முதலில் கேட்கவேண்டியது அதையே என்பேன்.

அடுத்து, சற்றுக் கடினமானதும் இவற்றுள் நான் மிக உயர்வாக மதிப்பதுமான 'கம்பாஷன்' (2024). பியானோவில் விஜய் ஐயர், பாஸில் லிண்டா மே ஹான் ஓ, டிரம்ஸில் டைஷான் சோரே. ஈசிஎம் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தின் வழியாக இந்த மூவரும் 2021-இல் வெளியிட்ட 'அன்ஈஸி'யைத் தொடர்ந்து வந்தது இது. இதில் ஸ்டீவி வொண்டரின் 'ஓவர்ஜாய்டு' பாடல் இடம்பெறுகிறது. வொண்டர் பாடிய மூலத்தை முதலில் ஒருமுறை கேட்டுவிட்டு இதற்கு வந்தால், மூவரும் எதை வைத்துக்கொண்டார்கள், எதைக் கலைத்தார்கள் என்பது தெளிவாகத் தெரியும். சோரே சிம்பொனி அரங்குகளுக்காக எழுதும் இசையமைப்பாளரும்கூட. 2024-இல் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்றவர். இயற்றுபவரின் மனம் டிரம்ஸில் அமர்ந்தால் என்ன நிகழும் என்பதை அவருடைய சொந்த மூவர் குழுவின் 'தி சஸெப்டிபிள் நௌ' (2024) தொகுப்பில் விரிவாகக் கேட்கலாம். நான்கே நீண்ட பகுதிகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியின்றிச் செல்கின்றன. அவற்றுள் ஒன்று பியானோ கலைஞர் மெக்காய் டைனர் இயற்றிய 'பெரெசினா'. டைனர் என்ற பெயரை நினைவில் வைத்திருங்கள், மீண்டும் வரும்.

சார்லஸ் லாய்டின் 'தி ஸ்கை வில் ஸ்டில் பி தேர் டுமாரோ' 2024 மார்ச் 15 அன்று, அவருடைய 86-வது பிறந்தநாளில் வெளியானது. இரட்டைத் தொகுப்பு, ஒரே அமர்வில் கேட்காமல் பாதிப் பாதியாகக் கேளுங்கள். லாய்டின் சாக்ஸபோனில் மூச்சுக் காற்று கேட்கும். ஒரு சொற்றொடரை முடிக்காமல் விட்டுவிடுவார். ஜேசன் மொரானின் பியானோவும், லேரி கிரெனடியரின் பாஸும், பிரையன் பிளேடின் டிரம்ஸும் அந்த முடியாத இடத்தை அவசரப்பட்டு நிரப்புவதில்லை. சாக்ஸபோன் கலைஞர் வெய்ன் ஷார்ட்டரின் நால்வர் குழுவில் நெடுங்காலம் வாசித்த பிளேடின் கை எவ்வளவு மென்மையானது என்று சொல்லிப் புரியவைக்க இயலாது.

குரலிசையை விரும்பினால் சாக்ஸபோன் கலைஞர் இமானுவேல் வில்கின்ஸின் 'ப்ளூஸ் பிளட்' (2024) கேளுங்கள். கணவ்யா உள்ளிட்ட பாடகர்கள் இதில் சாக்ஸபோனுக்கு நிகராக நிற்கிறார்கள். பலரும் முதலில் பரிந்துரைக்கும் 'பிராமிசஸ்' (2021) சாக்ஸபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸின் கடைசிக் காலத்தைச் சேர்ந்த அழகான படைப்பு. ஆனால் மின்னணு இசையும் லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் தந்திக் கருவிகளும் சூழ அமைந்த அதில், நான் மேலே சொன்ன குழு உரையாடலை நீங்கள் அறிந்துகொள்ள முடியாது. பிறகு வாருங்கள்.

புதிய வெளியீடுகளுக்கிடையே பழைய பதிவுகளும் வருகின்றன. 2024-இல் வெளியான 'ஃபோர்ஸஸ் ஆஃப் நேச்சர்', 1966-இல் நியூயார்க்கின் 'ஸ்லக்ஸ்' அரங்கில் பதிவானது. மெக்காய் டைனரும் சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹென்டர்சனும் தலைமையேற்க, டிரம்ஸில் இளைஞரான ஜாக் டிஜானெட். 25 நிமிடங்களைக் கடக்கும் பகுதிகளிலும் அவருடைய வேகம் தளர்வதில்லை. அதே 1966-இல் சார்லஸ் லாய்டின் குழுவில் 'ஃபாரஸ்ட் ஃப்ளவர்' தொகுப்புக்கு வாசித்தவரும் அவரே. டைனரோ, முந்தைய ஆண்டின் இறுதியில்தான் கோல்ட்ரேனின் குழுவிலிருந்து விலகியிருந்தார். ஆகவே உங்கள் நண்பர் முதலில் கேட்கச் சொன்ன கோல்ட்ரேனிடம் இங்கிருந்து செல்லலாம்: டைனர் பியானோ வாசித்த 'எ லவ் சுப்ரீம்' தொகுப்பு. அதில் டிரம்ஸ் வாசித்தவர் எல்வின் ஜோன்ஸ். அங்கும் முதலில் அவரையே கவனியுங்கள்.