எச்-இன்டெக்ஸ் 8 உள்ள கணிதப் பேராசிரியர், 30 உள்ள வேதியியல் பேராசிரியரைவிடக் குறைந்தவரா?

நாகர்கோவிலில் ஒரே கல்லூரியில் வேலை பார்க்கும் இருவரை ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து அப்படிச் சொல்லவே முடியாது.

எச்-இன்டெக்ஸை 2005-இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். 8 என்றால், அவர் எழுதியவற்றில் குறைந்தது எட்டு மேற்கோளாவது (அதாவது, வேறு கட்டுரைகள் அதைச் சுட்டுவது) பெற்ற கட்டுரைகள் எட்டு இருக்கின்றன என்று பொருள். ஒன்பதாவது கட்டுரை இன்னும் ஒன்பது மேற்கோளை எட்டவில்லை.

சிக்கல் துறையில்தான் இருக்கிறது. கணிதக் கட்டுரையை ஒருவரோ இருவரோ எழுதுவார்கள். கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலும் சிறியது. ஒரு நிரூபணத்தைப் பிறர் பயன்படுத்தவே பல வருடம் ஆகலாம். வேதியியலில் ஆய்வகமே குழுவாக எழுதும், பட்டியல் நீளும், மேற்கோளும் சீக்கிரம் வரும். துகள் இயற்பியல் இன்னும் ஒரு படி மேலே: ஹிக்ஸ் துகளின் நிறை பற்றிய 2015-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஆசிரியர்கள் மட்டும் 5,000-க்கு மேல்!

இராஜாக்கமங்கலம் கடற்கரையில் உயிரினங்களை வகைப்படுத்துபவருக்கும் இதே நிலைதான். அந்த வேலை பல காலம் பயன்படும், ஆனால் மேற்கோள் மெதுவாகவே சேரும். இவர்களை எண்ணால் ஒதுக்குவது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

சரி, ஒப்பிட்டே ஆக வேண்டுமா? ஒவ்வொருவரின் கட்டுரை பெற்ற மேற்கோளையும் அதே துறையில், அதே வருடம் வந்த கட்டுரைகளின் சராசரியோடு ஒப்பிடுங்கள். இருவருக்கும், மேற்கோள்களை எண்ணித் தரும் ஒரே தரவுத்தளத்தைப் பாருங்கள். கூகுள் ஸ்காலர் பொதுவாக ஸ்கோபஸைவிடக் கூடுதலாகக் காட்டும். அப்புறம், ஒவ்வொருவருடைய முக்கியமான இரண்டு கட்டுரைகளையும் அத்துறை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.