டாட் எம்யூவுக்கு யார் தர்மகர்த்தா?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை இணையம் பற்றியே நான்கு கடிதங்கள் வந்துவிட்டன. கறிவேப்பிலைச் செடி வாடுவது, பென்ஷன் படிவம் எல்லாம் அடுத்த இதழில்.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் கோவில் சங்கத்துக்கு ஒன்பது வருஷமாக ஒரு இணையதளம் இருந்தது. டாட் ஆர்க் முகவரி. காவடி எடுப்பவர்கள் பெயர் கொடுப்பது, அன்னதானக் கணக்கு, எல்லாம் அதில்தான். போன மாதம் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறது! பெயரை வாங்கிக் கொடுத்த பையன் கனடாவுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது, புதுப்பிக்கச் சொல்லி வந்த நோட்டீஸ் எல்லாம் அவனுடைய பழைய ஈமெயிலுக்குப் போயிருக்கிறது. யாரிடம் புகார் கொடுப்பது, அரசாங்கத்திடமா, கோர்ட்டிலா? (வாசகி, ரோஸ் ஹில்)

பதில்: அம்மா, முதலில் அந்தப் பையனைத் திட்டாதீர்கள், அவன் இல்லாவிட்டால் ஒன்பது வருஷம் தளமே இருந்திருக்காது. டாட் ஆர்க் பெயர் காலாவதியானதும் உடனே போய்விடாது. சில வாரங்கள் சும்மா கிடக்கும், நீக்கிய பிறகும் 30 நாள் அபராதம் கட்டி மீட்கலாம். அதுவும் தாண்டினால் பெயர் பொதுவுக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். உங்களுக்கு அதுதான் நடந்திருக்கிறது. இணையப் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி தகராறு மனு போட வழி உண்டு, ஆனால் அது வணிகச் சின்னம் வைத்திருப்பவர்களுக்கான வழி. ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரே நடுவர் விசாரிக்கவே 1,500 டாலர் கட்டணம். ஊருக்கு ஊர் இருக்கிற முருகன் பெயருக்கு அங்கே போய் உரிமை கொண்டாடுவது கஷ்டம். அந்தப் பணத்தில் ஏழு கறிச் சாப்பாடு போடுங்கள்.

வேறு பெயர் வாங்குங்கள். இந்த முறை உரிமையாளர் என்ற கட்டத்தில் தனி ஆள் பெயர் வேண்டாம், சங்கத்தின் பெயர் இருக்கட்டும். ஈமெயிலும் செயலாளருடைய சொந்த ஈமெயிலாக இல்லாமல், பதவி மாறினால் கைமாறுகிற ஒன்றாக இருக்கட்டும். கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், உண்டியல் சாவி மாதிரி. டாட் ஆர்க்கை ஒரே மூச்சில் 10 வருஷம் வரை பதியலாம். ஆனால் நான் அதைச் சொல்ல மாட்டேன், பத்து வருஷத்தில் எல்லோரும் மறந்துவிடுவோம். வருஷா வருஷம் பொதுக்குழுவில் கணக்கு வாசிக்கும்போதே இதையும் ஒரு வரி வாசித்துப் புதுப்பியுங்கள்.

கேள்வி: அண்ணா, நம் மொரீஷியஸ் சின்ன நாடு, மொத்தமே பன்னிரண்டரை லட்சம் பேர். நம் நாட்டு இணைய முகவரிகளின் கடைசியில் வரும் டாட் எம்யூவையும் இணையத்தையும் அரசாங்கமே எடுத்து நடத்திவிட்டால் என்ன? சமூகம் நடத்த வேண்டும், அரசு லேசாகத் தொட்டால் போதும் என்கிறார்கள். சமூகம் என்றால் யார்? (கல்லூரி மாணவன், கத்ர் போர்ன்)

பதில்: தம்பி, ரோஸ் ஹில் அம்மாவின் கதையை நாட்டு அளவுக்குப் பெரிதாக்கிப் பார், அதுதான் டாட் எம்யூ. 1995-ல் அந்தப் பெயர் நமக்கு ஒதுக்கப்பட்டபோது ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. அப்போது இங்கே ஈமெயில் வைத்திருந்தவர்களே கொஞ்சம் பேர், யாரும் கவலைப்படவில்லை. இன்றைக்கு நீ வரி கட்டப் போனால் எம்ஆர்ஏ டாட் எம்யூ, ஓர் அமைச்சகத்தைத் தேடினால் கவ்எம்யூ டாட் ஆர்க். அரசாங்கத்தின் முதன்மைத் தளமே நாட்டின் பெயரில் முடியவில்லை, கவனித்திருக்கிறாயா?

இந்த நாட்டுக் குறியீடுகளைப் பங்கிட்ட ஜான் போஸ்டல் 1994-லேயே எழுதி வைத்தார்: இதில் உரிமை, சொத்து என்று பேசுவது பொருந்தாது, வைத்திருப்பவர் அந்த ஊருக்கும் உலக இணையத்துக்கும் சேவை செய்யக் கடமைப்பட்ட டிரஸ்டி. நம் பாஷையில் தர்மகர்த்தா. தர்மகர்த்தா என்றதுமே நம் ஆட்களுக்கு எத்தனை வழக்குகள் ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும், சரி, அது இருக்கட்டும்.

அரசாங்கம் எடுத்துக்கொள்ளலாமே என்கிறாய். 2021 ஏப்ரலில் நம் தொலைத்தொடர்பு ஆணையமான ஐசிடிஏ ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. மொரீஷியஸிலிருந்து ஃபேஸ்புக் மாதிரி தளங்களுக்குப் போகிற வருகிற எல்லாவற்றையும் உள்ளூர் சர்வர் ஒன்றின் வழியாகத் திருப்பி, பூட்டைத் திறந்து பார்த்து, சேமித்து, மறுபடி பூட்டி அனுப்பலாம் என்பது திட்டம். வெறுப்புப் பேச்சைத் தடுக்கத்தானாம். உள்ளூரிலும் வெளியிலும் எதிர்ப்புக் கிளம்ப, அது சட்டமாகவில்லை. அப்புறம் 2024. தீபாவளிக்கு மறுநாள், நவம்பர் 1, ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சுகள் வெளியாகிக்கொண்டிருந்த நேரம், தேர்தலுக்கு ஒன்பது நாள் பாக்கி. நவம்பர் 11 வரை சமூக ஊடகங்களை நிறுத்தச் சொல்லி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. எங்கள் வீட்டில் அதிரசம் டப்பாவில் இருக்கிறது, அதன் படத்தைத் தங்கைக்கு அனுப்பப் போனால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுநாளே தடையை எடுத்துவிட்டார்கள். ஆளும் கட்சி தேர்தலில் தோற்றது வேறு கதை, நான் சொல்ல வருவது ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது என்பதை.

இன்னொரு வழியில் போன நாடு நியூசிலாந்து. நம்மைப் போல நான்கு மடங்கு ஜனம், அவ்வளவுதான். டாட் என்இசட் 1987-ல் வைகாட்டோ பல்கலைக்கழகத்து ஆள் ஒருவரின் பொறுப்பில் தொடங்கியது, 1995-ல் உறுப்பினர் சங்கம் ஒன்று அமைத்து அதனிடம் கொடுத்தார்கள். இன்று அதன் பெயர் இன்டர்நெட் என்இசட். யாரும் சிறு சந்தா கட்டி உறுப்பினராகலாம், நிர்வாகக் குழுவில் பெரும்பாலோரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களில் வரும் பணத்தில் ஒரு பங்கு ஊர் வேலைகளுக்கு மானியமாகப் போகிறது. லேசான கை என்றால் இதுதான்: பதிவேட்டைச் சரியாக வை, சர்வர் விழாமல் பார், பெயர்த் தகராறுக்கு ஒரு நடைமுறை வை. தளத்தில் எழுதியிருப்பது குற்றமா என்பதைப் பெரும்பாலும் போலீசும் கோர்ட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் அங்கேயும் 2025-ல் சண்டை. சங்கத்தின் சாசனத்தில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களுடனான ஒப்பந்தத்துக்கு முக்கிய இடம் தர முயன்றார்கள், பிடிக்காதவர்கள் ஆள் சேர்த்தார்கள், சில நூறு பேர் இருந்த சங்கம் சில வாரங்களில் சில ஆயிரமானது. பொதுக்குழுவுக்கு முந்தின வாரம் பஸ் வைத்துப் புது உறுப்பினர்களை இறக்குவதை நாம் பார்க்காததா!

ஆக, சமூகம் என்றால் உறுப்பினர் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள், அதிலும் கூட்டத்துக்கு வருபவர்கள். நம் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. 1998-ல் நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருந்த இடத்துக்கு மேலே இந்தியைப் போட்டபோது எல்லோரும் சேர்ந்து சத்தம் போட்டோம், நோட்டையே திரும்பப் பெற்றார்கள். அந்த மாதிரி ஒரு மாதம் கொதிக்க நமக்கு வரும். மாசா மாசம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு பேர் உட்கார்ந்து சர்வர் செலவைச் சரிபார்க்க வருமா? எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் அரசாங்கத்திடம் முழுசாகக் கொடுப்பதைவிட அந்த ஏழு பேரைத் தேடுவேன். குழுவில் அரசுக்கு ஒரு நாற்காலி இருக்கட்டும், சாவி வேண்டாம்.

கேள்வி: எபேனில் அஃப்ரினிக் என்ற ஆபீசைப் பற்றி ஒரே கோர்ட் செய்தியாக வந்ததே, அது என்ன? அதுவும் சமூகம் நடத்துவதுதானே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், போ பாசன்)

பதில்: ஆமாம் ஐயா, சரியான இடத்தில் பிடித்தீர்கள். இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி எண் வேண்டும், அதைப் பங்கிட உலகத்தில் ஐந்து வட்டார அமைப்புகள், ஆப்பிரிக்காவுக்கானது 2005 முதல் நம் மண்ணில். இணைய நிறுவனங்கள்தான் உறுப்பினர்கள். எண்களைத் திரும்பப் பெறும் தகராறு ஒன்று வழக்காகி, 2021-ல் வங்கிக் கணக்கே முடங்கியது. அப்புறம் இயக்குநர் குழுவில் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லை, கோரம் இல்லாததால் எதுவும் தீர்மானிக்க முடியவில்லை, 2023 செப்டம்பரில் கோர்ட் தன் சார்பில் நிர்வகிக்க ஒரு ரிசீவரைப் போட்டது. 2025 ஜூனில் தேர்தல் வைத்தார்கள், ஓர் உறுப்பினருக்காக வேறொருவர் பவர் ஆஃப் அட்டர்னி வைத்துப் போட்ட வாக்கின் மீது சர்ச்சை வந்து அது ரத்து. செப்டம்பரில் மறுபடி வைத்துத்தான் குழு அமைந்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்லப்போவதில்லை. அத்தனை வருஷம் தலை இல்லாமலேயே கிடந்தும் ஊழியர்கள் பதிவேட்டை ஓட்டினார்கள், அதனால்தான் உங்கள் வீட்டு வைஃபை நிற்கவில்லை. குழுவில் ஆள் குறைந்தால் என்ன செய்வது என்று சாசனத்தில் முன்கூட்டியே எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எபேன் வரை போய்ப் பார்த்தால் போதும், மெட்ரோ டிக்கெட் செலவுதான்.

கேள்வி: கேக் கடைக்கு டாட் எம்யூ வாங்கலாமா, டாட் காமா? (மஹேபூர்)

பதில்: ரெண்டுமே வாங்குங்கள், ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பி விடுங்கள். பில் உங்கள் பெயரில் வருகிறதா, தளம் செய்து கொடுக்கும் தம்பியின் பெயரில் வருகிறதா என்று மட்டும் இன்றைக்கே பாருங்கள். அந்தத் தம்பிக்கும் கனடா விசா வரலாம்.