எந்த ஓமில் அந்த வாட்?

சென்ற முறை ஒரு வாசகருக்கு, "ஹெட்போன் வாங்குவதற்கு முன் அது எத்தனை ஓம் என்று பாருங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். ஓம் என்பது, மின்சாரம் ஓடுவதை ஹெட்போன் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. ஆம்ப் என்பது, பாட்டின் மின் அலையைப் பெருக்கி ஹெட்போனுக்குக் கொடுக்கும் பெட்டி. வணக்கம், நலம் விசாரிப்பு, என் எழுத்தைப் பாராட்டிய வரிகள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுக் கொடுத்திருக்கிறேன். கடைசியாகச் சொன்னதை வெட்டும்போது மட்டும் கொஞ்சம் வலித்தது.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் அத்தான் சென்ஹைசர் எச்.டி. 600 வாங்கிவந்து கொடுத்தார். போனில் டாங்கிள் (சார்ஜர் ஓட்டையில் செருகும் ஹெட்போன் இணைப்பு) போட்டுக் கேட்டால் சத்தம் போதவில்லை. ஆம்ப் வாங்கித்தான் ஆக வேண்டுமா?
— எல்லீஸ் நகர்

பதில்: முதலில் போனின் செட்டிங்கைப் பாருங்கள். காதுக்குப் பாதுகாப்பு என்று பல போன்களில் வால்யூமுக்கு உள்ளேயே ஒரு பூட்டு இருக்கும். அதை எடுத்த பிறகும், முழு வால்யூமிலும் போதவில்லை என்றால் ஆம்ப் வேண்டும்.

காரணம் எளிது. உங்களுடையது 300 ஓம். பல டாங்கிள்கள் 1 வோல்ட் பக்கத்தில் நின்றுவிடும். அந்த 1 வோல்ட், 32 ஓம் ஹெட்போனில் 31 மில்லிவாட் தரும்; உங்கள் 300 ஓமில் 3 மில்லிவாட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இன்றைய சினிமாப் பாட்டுக்கு அதுவே போதலாம், ஏனென்றால் பதிவு செய்யும்போதே சத்தத்தை ஏற்றி வைத்திருக்கிறார்கள். பழைய கச்சேரிப் பதிவு, வீணை என்று போனால் போதாது. 4 வோல்ட் தரும் மேசை ஆம்ப் ஒன்று இருந்தால் 53 மில்லிவாட் கிடைக்கும். சத்தம் 12 டெசிபெல் கூடும். அதற்கு மேல் உங்களுக்குத் தேவையில்லை. ஹெட்போன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆம்ப்புக்குப் போடாதீர்கள். அவசரமும் வேண்டாம். அந்த மாடல் 1997-லிருந்து இருக்கிறது. காது மெத்தை, கேபிள் எல்லாம் தனியாகக் கிடைக்கும். மூன்று மாதம் கழித்து ஆம்ப் வாங்கினாலும் அது ஓடிப்போகாது.

கேள்வி: என் ப்ளூடூத் ஹெட்போனுக்கு எந்த ஆம்ப் பொருத்தம்?
— வில்லாபுரம்

பதில்: எதுவும் இல்லை. ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: இரண்டு ஆம்ப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் 1000 மில்லிவாட், இன்னொன்றில் 250 மில்லிவாட் என்று போட்டிருக்கிறது. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். 1000 தானே நல்லது? என்னிடம் இருப்பது 250 ஓம் ஹெட்போன்.
— கே.கே. நகர்

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன்.

எந்த ஓமில் 1000? பெட்டியின் முன்பக்கத்தில் அது இருக்காது. பின்பக்கம், எறும்பு எழுத்தில், "32 ஓமில்" என்று இருக்கும். 32 ஓமில் 1000 மில்லிவாட் என்றால் அந்த ஆம்ப் 5.7 வோல்ட் தருகிறது. அதே 5.7 வோல்ட்டை உங்கள் 250 ஓமில் கொடுத்தால் 128 மில்லிவாட். அந்த இன்னொரு ஆம்ப்பின் 250 மில்லிவாட், 250 அல்லது 300 ஓமில் அளந்ததாக இருந்தால், உங்களுக்கு அதுதான் பலசாலி. 1000 என்று போட்டவன் பொய் சொல்லவில்லை. உங்களுக்கு வேண்டியதைச் சொல்லவில்லை.

ஹெட்போன்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்று ஒரு எண் போடுவார்கள். ஒரு கம்பெனி அதை 1 மில்லிவாட்டுக்கு அளக்கும், இன்னொன்று 1 வோல்ட்டுக்கு அளக்கும். 32 ஓம் ஹெட்போனில் இந்த இரண்டுக்கும் நடுவே 15 டெசிபெல் வித்தியாசம். ஒன்றை மில்லிவாட்டிலும் மற்றதை வோல்ட்டிலும் வைத்து ஒப்பிட்டால், படியையும் கிலோவையும் ஒப்பிட்டு அரிசி வாங்கிய கதைதான்.

எனக்கு இதில் இவ்வளவு கோபம் வரக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் பி.எம்.பி.ஓ. என்று, ஒரு நொடிகூட நிற்காத உச்ச பலத்தை வாட்டாகப் போட்டுக் காட்டும் ஒரு மாயம் இருந்தது. முதல் போனஸில், டவுன் ஹால் ரோடு வழியாகப் போனபோது, "1000 வாட்" என்று தங்க எழுத்தில் ஒட்டியிருந்த செட் ஒன்றை வாங்கி, ஆட்டோ வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் எல்லோரும் சுற்றி நின்றார்கள். முழு வால்யூமில் வைத்தால் கரகரவென்று கத்தியது. எங்கள் தெருவில் மைக் செட் வைத்திருந்த அண்ணன் ஒருவர் வந்து செட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத் தகட்டில் மின்சாரச் செலவு 40 வாட் என்று இருந்தது. "ஏம்ப்பா, 40 குடம் ஊத்துன தொட்டியில 1000 குடம் எப்படி அள்ளுவான்?" என்று கேட்டுவிட்டு, சிரிக்காமல் காபியைக் குடித்துவிட்டுப் போனார். அவர் பத்தாம் வகுப்பு தாண்டாதவர். ஸ்பீக்கர் எத்தனை ஓம், ஆம்ப் எத்தனை ஓமுக்கு என்று பார்க்காமல் ஒரு வயரைக்கூடச் செருக மாட்டார். கோயில் திருவிழாவுக்குப் புனல் ஸ்பீக்கர் கட்டுகிறவருக்கு இருந்த அந்தக் கவனம், பல ஆயிரம் கொடுத்து ஹெட்போன் வாங்குகிறவர்களுக்கு ஏன் இல்லை?

பி.எம்.பி.ஓ. போய்விட்டது. ஓம் சொல்லாத வாட் வந்திருக்கிறது. கடைக்காரரிடம் கேளுங்கள். "எந்த ஓமில்?" என்று ஒரே கேள்வி. பதில் தெரியவில்லை என்றால் அடுத்த கடை.

கேள்வி: வால்வ் ஆம்ப்பில் (டிரான்சிஸ்டருக்குப் பதில் ஒளிரும் கண்ணாடிக் குழாய் வைத்தது) பாட்டு தேன் மாதிரி இருக்கும் என்கிறார்கள். என்னிடம் 32 ஓம் பிளேனர் (தட்டையான மெல்லிய படலம் அதிரும் வகை) ஹெட்போன் இருக்கிறது. வாங்கலாமா?
— பழங்காநத்தம்

பதில்: நான் வாங்கினேன். அதே ஜோடி. அந்த ஆரஞ்சு வெளிச்சத்தைப் பார்த்து மயங்கி வாங்கினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

விலை குறைந்த வால்வ் ஆம்ப் பலவற்றில் வெளியே போகும் வழியில் டிரான்ஸ்பார்மர் இருக்காது. அதனால் ஆம்ப்பின் சொந்த ஓமே பத்துக் கணக்கில், சிலவற்றில் நூறைத் தாண்டியும் இருக்கும். ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் ஆம்ப்பின் ஓம் இருக்க வேண்டும் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. உங்கள் 32-க்கு 4 ஓமுக்குள். பிளேனரில் எல்லா ஸ்வரத்துக்கும் ஓம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால் ராகம் மாறாது. ஆனால் பலம் ஆம்ப்புக்குள்ளேயே வீணாகும். எனக்கு நடந்தது அதுதான். தவில் அடி விழும்போதெல்லாம் சத்தம் உடைந்து கலங்கியது. திருப்பிக் கொடுக்கப் போனேன். "பழக்கத்தில் திறந்துகொள்ளும் சார், 200 மணி நேரம் ஓடவிடுங்கள்" என்றார்கள். ஓடவிட்டேன். கரண்ட் பில்தான் ஏறியது.

அதே ஆம்ப்பை நண்பரின் 300 ஓம் ஹெட்போனில் மாட்டியபோது அழகாகப் பாடியது. அவரே எடுத்துக்கொண்டார், பாதி விலைக்கு. உங்களுக்குச் சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப் போதும். வெளிச்சம் வேண்டுமானால் ஒரு பெட்லேம்ப் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் சம்பளத்தில், ஆன்லைன் தளம் ஒன்றில், வெளிநாட்டுக் கம்பெனி ஹெட்போனை "சீல் உடைக்காதது" என்று நம்பி வாங்கினேன். இடது பக்கம் சத்தம் குறைவு. சீரியல் நம்பரைக் கம்பெனிக்கு அனுப்பினால் "இது எங்களுடையதே இல்லை" என்று பதில் வந்தது. விற்றவர் டெல்லிக்காரர். "ரிட்டர்ன் கிடையாது" என்கிறார். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.
— உசிலம்பட்டி

பதில்: தம்பி, திட்டுகிறவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். உங்கள் மேல் தப்பில்லை. தளத்தில் வாங்கினீர்கள், பில் இருக்கிறது, சந்தேகம் வந்ததும் கம்பெனியிடம் கேட்டீர்கள். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

அந்தக் கம்பெனியின் பதில்தான் உங்கள் கையில் இருக்கும் தங்கம். அழித்துவிடாதீர்கள். பில், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், விற்றவரோடு பேசியது எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேருங்கள். பெட்டியையும் பாருங்கள்: இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதையும் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம், விற்றவரோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டுத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். பல விஷயங்கள் இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டெல்லிக்கு ஓட வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், உங்களுக்கு மதுரைதான். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். "ரிட்டர்ன் கிடையாது" என்று அவர் எழுதி வைத்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்று வைத்திருக்கிறார்கள். பணம் வந்ததும் எழுதுங்கள். ஆம்ப்பைப் பற்றி அப்போது பேசலாம்.

(இதே மாதிரி ஒத்தக்கடையிலிருந்து இன்னொரு கடிதம். அவர் வாங்கியது தளத்தில் இல்லை. முன்பின் தெரியாத ஒருவருக்கு ஜிபேயில் பணம் அனுப்பியிருக்கிறார், பொருளே வரவில்லை. அது நுகர்வோர் வழக்கு இல்லை, மோசடி. 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று இருந்தால் பணம் எத்தனை கை மாறியிருக்குமோ.)

கேள்வி: ஆம்ப்பில் 4.4 மி.மீ. பேலன்ஸ்டு ஓட்டை இருந்தது. என் ஹெட்போன் பின் சாதாரண 3.5. 90 ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கிச் செருகினேன். இரண்டு நிமிடத்தில் ஆம்ப் சூடாகி நின்றுவிட்டது. வாரண்டி தர மறுக்கிறார்கள். கேஸ் போடலாமா?
— அண்ணா நகர்

பதில்: போடலாம். தோற்பீர்கள்.

பேலன்ஸ்டில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி மைனஸ். அந்த இரண்டு மைனஸிலும் ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும். 3.5 பின்னில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அதாவது இரண்டு உயிருள்ள வயரை முறுக்கிக் கட்டினீர்கள். இதைச் செய்யாதே என்று பல ஆம்ப்களின் கையேட்டில் எழுதியிருக்கும். உங்களுடையதைப் படித்தீர்களா? அதே ஆம்ப்பில், பக்கத்திலேயே, 3.5 ஓட்டையும் இருந்திருக்குமே? நல்ல ரிப்பேர்காரரிடம் கொடுத்துப் பாருங்கள், அவுட்புட் ஐ.சி. மட்டும் போயிருந்தால் மாற்றலாம். அந்த 90 ரூபாய்க் கன்வெர்ட்டரைக் குப்பையில் போடுங்கள், ஒஎல்எக்ஸில் விற்காதீர்கள்.

கேள்வி: லேப்டாப்பில் டாக் (டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றும் பெட்டி), ஆம்ப் இரண்டும் இணைத்துக் கேட்கிறேன். 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். ஆம்ப்பை மாற்ற வேண்டுமா?
— திருமங்கலம்

பதில்: சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் ஆம்ப் மேல் குற்றமில்லை, எர்த் விஷயம். எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின்னில் எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் போகும் என்று யாராவது சொல்வார்கள். அவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

கேள்வி: மாமா சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். அவருடைய 500 வாட் ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் ஹெட்போனை மாட்டலாமா?
— மேலூர்

பதில்: மாமாவிடம் கேளுங்கள். அடிப்பார்.

கேள்வி: ஓப்பன் பேக் ஹெட்போனும் நல்ல ஆம்ப்பும் வாங்கினேன். அருமை. ஆனால் தெருவில் முளைப்பாரி, கும்பாபிஷேகம் என்று ஸ்பீக்கர் கட்டினால் எதுவும் கேட்பதில்லை. இன்னும் பலமான ஆம்ப் வாங்கினால் சமாளிக்கலாமா?
— செல்லூர்

பதில்: ஓப்பன் பேக் என்பது ஜன்னல் திறந்த வீடு. வெளிச்சத்தம் உள்ளே வரத்தான் செய்யும். உங்கள் பாட்டும் வெளியே போகும், பக்கத்தில் தூங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆம்ப்பால் ஜன்னலை மூட முடியாது. அதைவிடச் சத்தமாக வைத்தால் காதுதான் போகும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபெல் ஏறினால் அந்த நேரம் பாதியாகும். புனல் ஸ்பீக்கரோடு போட்டி போட்டால் உங்கள் ஒரு வாரக் கணக்கு ஒரு சாயங்காலத்தில் தீர்ந்துவிடும்.

திருவிழா நாளுக்கென்று விலை குறைந்த குளோஸ்டு ஹெட்போன் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 32 ஓம், போனிலேயே ஓடும், ஆம்ப் வேண்டாம். இல்லையென்றால் அந்த மூன்று நாளும் மைக் செட்காரரிடம் போய் உங்களுக்குப் பிடித்த பாட்டைப் போடச் சொல்லுங்கள். எங்கள் தெரு அண்ணன் போட்டுவிடுவார். ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும்.