வாசகர் கேள்வி பதில்: மெட்டு பழசு, வரி புதுசு

கேள்வி: சார், நடவு வயல்ல எங்க அம்மாச்சி தெரிஞ்ச மெட்டுலயே கூலியைப் பத்தி, பண்ணையைப் பத்தி வரி கட்டிப் பாடுவாங்க. அமெரிக்காவுல போராட்டப் பாட்டுன்னா பாடகர் பாப் டிலன் பேரைத்தான் சொல்றாங்க. அங்க வயக்காட்டு ஜனங்க பாடலையா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: பாடாம என்னம்மா, டிலன் பொறக்குறதுக்கு முன்னாடியே பாடிட்டாங்க. அதுவும் ஒரு டெல்டாவுலதான். மிசிசிப்பி ஆத்துப் பக்கம் ஆர்கன்சாஸ்னு ஒரு மாநிலம், பருத்தி பூமி, அங்க விளைச்சல்ல பங்குக்கு, அதாவது வாரத்துக்கு, உழுதவங்க நெலமை நம்ம கீழத்தஞ்சை பண்ணையாளுங்க நெலமைக்கு ரொம்ப தூரம் இல்ல. 1933ல பருத்தி விலை ஏறணும்னு சாகுபடியைக் குறைக்கச் சொல்லி அரசாங்கம் பணம் குடுத்துச்சு, பல நிலக்காரங்க அதைத் தாங்களே அமுக்கிக்கிட்டு உழுதவங்களை வெளியேத்திட்டாங்க. 1934ல டைரொன்சாங்கற ஊர்ல கறுப்பர், வெள்ளையர் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சங்கம் ஆரம்பிச்சாங்க, அந்தக் காலத்து அமெரிக்கத் தெற்குல இது சாதாரண துணிச்சல் இல்ல. நம்ம சேரித் தெருவுல செங்கொடி ஏறுனப்போ எவ்வளவு பெரிய விஷயமோ அவ்வளவு.

அந்தச் சங்கத்துப் பாட்டுக்காரர் ஜான் ஹேண்ட்காக்ஸ், கறுப்பின விவசாயி. 'ரோல் த யூனியன் ஆன்' பாட்டை ஒரு பழைய சர்ச் பாட்டு மெட்டுலதான் கட்டினாரு. குறுக்க யாரு நின்னாலும் சங்கம் உருண்டு போய்க்கிட்டே இருக்கும்னு அர்த்தம். ஒவ்வொரு சுத்துலயும் ஒரு ஆளை மட்டும் மாத்துனா போதும், பண்ணையார்னு ஒரு தடவை, அடுத்து முதலாளி, அதுக்கடுத்து கவர்னர், அதனால புதுசா வந்து நிக்கிற ஆளும் ரெண்டாவது சுத்துலயே சேந்து பாடிருவாரு. சங்க வேலை பாத்ததுக்காகவே உயிருக்கு ஆபத்து வந்து மனுஷன் ஊரை விட்டே போனாரு. 1937ல வாஷிங்டன்ல அவர் குரலைப் பதிவு பண்ணி வச்சாங்க. டிலனை எனக்கும் பிடிக்கும், ஆனா ஹேண்ட்காக்ஸைத் தெரியாம இந்த வரலாறே இல்லன்னு சொல்லுவேன்.

கேள்வி: அது ஏன் எல்லாத்துக்கும் சர்ச் மெட்டு?
– வாசகர், மன்னார்குடி

பதில்: எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிஞ்ச மெட்டு தம்பி, வேறென்ன. இன்னொரு கதையும் உண்டு. ஸ்போகேன் நகரத்துல தொழிற்சங்கக்காரங்க தெருமுனையில பேச ஆரம்பிச்சா சால்வேஷன் ஆர்மிங்கற கிறிஸ்தவ அமைப்பு பேண்டு வாசிச்சு சத்தத்துல அமுக்கிரும், சரின்னு இவங்க அதே மெட்டுக்குச் சொந்த வரி போட்டுப் பாட ஆரம்பிச்சுட்டாங்க. 1909ல அதெல்லாம் சின்ன சிவப்புப் புத்தகமாவே வந்துச்சு.

1931ல கென்டக்கி நிலக்கரி ஸ்டிரைக்ல ஷெரீஃப் ஆளுங்க வீட்டைச் சோதனை போட்டுட்டுப் போனதும், ஃப்ளாரன்ஸ் ரீஸ்ங்கற அம்மா சுவத்துல தொங்கின காலண்டர் தாளைக் கிழிச்சு அதுலயே ஒரு பாட்டு எழுதினாங்க. நீ எந்தப் பக்கம்னு கேக்குற பாட்டு. அதுவும் பழைய மெட்டுதான்.

கேள்வி: 'வீ ஷல் ஓவர்கம்' யார் எழுதினது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஒரே ஆளைக் கை காட்ட முடியாதும்மா. வேர் கறுப்பர் சர்ச்சுல இருக்கு. 1945-46ல சார்ல்ஸ்டன் புகையிலை ஃபேக்டரி ஸ்டிரைக்ல, லூசில் சிம்மன்ஸ்ங்கற தொழிலாளி அதை இழுத்து, ரொம்ப மெதுவாப் பாடினாங்க. அங்கேருந்து டென்னஸியில, சங்கத்துக்காரங்களுக்குப் பயிற்சி குடுத்த ஹைலாண்டர் பள்ளிக்குப் போச்சு, 1960ல கை காரவான்ங்கற பாடகர் அதைக் கறுப்பர் உரிமைக்காகப் போராடின மாணவர்களுக்குச் சொல்லிக் குடுத்தாரு, 1963ல அதே உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணியில பாடகி ஜோன் பயஸ் பாடினாங்க. நடுவுல அதுக்குக் காப்பிரைட் வேற வாங்கினாங்க, அதுல சிம்மன்ஸ் பேரு இல்லாதது எனக்கு இன்னும் வருத்தம்தான். கோர்ட்டுக்குப் போய் 2018ல அது எல்லாருக்கும் பொதுன்னு ஆயிருச்சு, அதனால உங்க பள்ளிக்கூட விழாவுல தாராளமாப் பாடலாம்.