வால்வெள்ளியை இடித்தது வம்பா?

கேள்வி: 2005இல் அமெரிக்கா ஒரு வால்வெள்ளியின்மேல் வேண்டுமென்றே விண்கலத்தை மோதவிட்ட கதையைப் பேரன் எங்கோ படித்துவிட்டு வந்து கேட்கிறான். யார் வம்புக்கும் போகாமல் தன் பாட்டில் சுற்றிக்கொண்டிருந்ததை இடிப்பது அகம்பாவம் இல்லையா? தூமகேதுவைச் சீண்டினால் ஊருக்கு ஆகாது என்று அப்போதே எங்கள் புளோக்கில் பேசிக்கொண்டார்கள். – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: வால்வெள்ளி வம்புக்குப் போகாது என்று யார் சொன்னது அம்மா? 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்வெள்ளியின் துண்டுகள், இருபதுக்கும் மேல், ஒன்றன்பின் ஒன்றாக வியாழன்மேல் விழுந்தன. மேகத்தில் அவை விட்டுப்போன கறைகளில் சில நம் பூமி அளவுக்கு இருந்தன. வானத்தில் சும்மா இருப்பது எதுவுமில்லை.

நீங்கள் கேட்கும் டெம்பல் 1 பூமிக்கு ஆபத்தானதன்று. அதன் நீண்ட பக்கம் இங்கே தேக்காவிலிருந்து அங் மோ கியோ வரை, ஏழெட்டுக் கிலோமீட்டர், நீளும். அதில் போய் மோதியது சுமார் 370 கிலோ எடையுள்ள ஒரு கலம், நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில். 2005 ஜூலை 4, நமக்குப் பிற்பகல் 2 மணிக்குச் சற்று முன்பு. வால்வெள்ளியின் பாதையில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் இல்லை.

ஆனாலும் ருஷ்யாவில் ஒரு சோதிடர், பிரபஞ்சத்தின் சமநிலை கெட்டது, தன் மனம் புண்பட்டது என்று நாசாமீது 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். மாஸ்கோ நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சரியாகச் செய்தது. சூரியனை நெருங்கும் ஒவ்வொரு முறையும் வால்வெள்ளி தன் பனியையும் தூசியையும் டன் கணக்கில் இழக்கிறது. நாம் பார்க்கும் வாலே அந்த இழப்புதான். சூரியன் செய்தால் கெடாத சமநிலை, இந்தக் கலம் செய்தால் கெட்டுவிடுமா?

உங்கள் புளோக்கில் பேசியவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அந்தப் பயத்தை விற்றுப் பிழைப்பவர்கள்மீதுதான் கோபம். இந்த இதழில் ராசிபலன் போடமாட்டேன் என்றதற்குச் சந்தாவை நிறுத்தியவர்கள் உண்டு. இன்றும் போடமாட்டேன். வேலை போகுமோ, வீட்டுக் கடன் அடையுமோ என்று தவிக்கிறவரிடம் கிரகத்தைக் காட்டிப் பரிகாரத்துக்குப் பணம் வாங்குவது கொடுமை.

தமிழ் மரபு அதுதானே என்பார்கள். புறநானூற்றின் 117ஆம் பாட்டைப் படிக்கட்டும். சனி புகைந்தாலும், தூமகேது தோன்றினாலும், வெள்ளி தென்திசையில் ஓடினாலும் பாரியின் நாட்டில் மழை பொய்க்காது என்கிறார் கபிலர். காரணம்? அவன் கோல் செம்மையானது, அங்கே சான்றோர் பலர். வானத்துக் குறிகளை அவரும் அறிவார். ஆனால் ஊர் நன்றாக இருப்பதை ஆள்பவனிடமும் வாழ்பவரிடமும் வைத்தார். பட்டிமன்றத்துக்குப் பட்டிமன்றம் சங்க இலக்கியம் என்று முழங்குகிறோம், இந்தப் பாட்டை யாரும் எடுப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கலத்தோடு ஒரு குறுவட்டில் தங்கள் பெயரையும் அனுப்பியவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். வழக்குப் போட்டவர் ஒருவர், சேர்ந்து போக ஆசைப்பட்டவர்கள் இத்தனை பேர். நான் இவர்கள் பக்கம்.

இப்போது பேரன். நம் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், பண்டிகையையும் பழமொழியையும் தமிழில் படிக்கிறார்கள். அதனால் பாட்டியிடம் அறிவியல் கேட்க வருவதே அபூர்வம். உங்களிடம் கேட்டிருக்கிறான். பயத்தைச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். கலத்தின் எடையில் பாதி ஏன் செம்பு என்று கேளுங்கள். வால்வெள்ளியில் செம்பு இராது என்று கணித்தார்கள். மோதலில் எழும் ஒளியைப் பிரித்துப் பார்க்கும்போது எது வால்வெள்ளியின் பொருள், எது கலத்தின் பொருள் என்ற குழப்பம் வராது. அடுத்து, பள்ளம் ஏன் அன்றைக்கே தெரியவில்லை என்று கேளுங்கள். மாவுபோன்ற நுண்தூசி எழுந்து மறைத்துவிட்டது. 2011 பிப்ரவரியில் ஸ்டார்டஸ்ட் என்ற வேறொரு கலம் அங்கே போனபோதுதான் சுமார் 150 மீட்டர் அகலப் பள்ளத்தைப் பார்த்தார்கள்.

அவன் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தாலும் அனுப்புங்கள், நான் திருத்திக்கொள்கிறேன். ராசிபலனுக்குத் தராத இடத்தை அவனுக்குத் தருகிறேன்.