கேள்வி – பதில்: சியன்னா நகர் புனித கத்தரின்

கேள்வி: படங்களில் புனித கத்தரின் துறவு உடையிலேயே இருக்கிறார். எந்தக் கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர்?

பதில்: எந்த மடத்திலும் அவர் இருந்ததில்லை. இத்தாலியின் சியன்னாவில் 1347-இல், சாயத்தொழில் செய்த ஜாக்கொமோ பெனின்காசாவின் மகளாகப் பிறந்தவர். தொமினிக்கன் துறவு சபையின் பொதுநிலையினர் (மடத்துத் துறவியர் அல்லாதோர்) பிரிவில்தான் சேர்ந்தார். வெள்ளை அங்கி, அதன்மேல் கறுப்புப் போர்வை. பெரும்பாலும் கைம்பெண்களே இருந்த குழு அது. அவரவர் வீட்டில் இருந்தபடியே செபித்து, நோயாளிகளைக் கவனித்துக்கொண்டார்கள். மடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்ற அடைப்பு விதி இல்லாததால்தான் பீசா, ஃபிளாரன்ஸ், அவிஞ்ஞோன் என்று அவரால் போய்வர முடிந்தது.

கேள்வி: திருத்தந்தையை உரோமைக்குத் திரும்ப வைத்தவர் அவர்தானா? கடிதங்களை அவரே எழுதினாரா?

பதில்: அப்போது திருத்தந்தையர் (போப்புகள்) உரோமையில் இல்லாமல், இன்றைய பிரான்சில் உள்ள அவிஞ்ஞோனில் இருந்தார்கள். அவர்கள் திரும்பியது கத்தரினால் மட்டுமே நடந்தது என்று சொல்வது மிகை. சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தா முன்பே வற்புறுத்தியிருந்தார். இத்தாலியில் திருத்தந்தையின் ஆட்சிப்பகுதிகளும் கலகத்தால் கைநழுவிக்கொண்டிருந்தன. 1376-இல் ஃபிளாரன்ஸுக்காகத் திருத்தந்தையோடு சமாதானம் பேச அவிஞ்ஞோன் சென்றார் கத்தரின். அந்த முயற்சி பலிக்கவில்லை. ஆனால், திரும்பலாமா என்று தயங்கிய பதினோராம் கிரகோரியை உறுதிப்படுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. கிரகோரி 1377 ஜனவரி 17 அன்று உரோமைக்குள் நுழைந்தார்.

கடிதங்களைப் பெரும்பாலும் அவர் சொல்லச் சொல்ல, நேரி, ஸ்தேபனோ, பர்தூச்சோ போன்ற சீடர்கள் எழுதினார்கள். சுமார் 380 கடிதங்கள் கிடைத்துள்ளன. திருத்தந்தையை ‘என் இனிய அப்பா’ என்று வாஞ்சையோடு அழைப்பார். அதே கடிதத்தில் ஆண்மையோடு எழுந்து நில்லுங்கள் என்று அதட்டவும் செய்வார். அவரை அறிய விரும்புகிறவர்கள் அற்புதக் கதைகளுக்கு முன் இந்தக் கடிதங்களைப் படிக்க வேண்டும்.

1378-இல் கிரகோரி இறந்ததும் இரண்டு திருத்தந்தையர் எழுந்து திருச்சபை பிளவுபட்டது. கத்தரின் ஆறாம் உர்பான் பக்கம் நின்று, பிளவை ஆற்ற உழைத்து, 1380 ஏப்ரல் 29 அன்று உரோமையில் 33 வயதில் இறந்தார். பிளவு 1417 வரை தீரவில்லை.

கேள்வி: பழைய செபப் புத்தகத்தில் திருநாள் ஏப்ரல் 30 என்று இருக்கிறதே?

பதில்: ஏப்ரல் 29 வெரோனா புனித பேதுருவின் நாளாக இருந்ததால் ஒரு நாள் தள்ளிவைத்திருந்தார்கள். 1969-இல் நாள்காட்டியைத் திருத்தியபோது, அவர் இறந்த நாளுக்கே மாற்றினார்கள். இப்போது 29-தான். மறைவல்லுநர் (திருச்சபையின் சிறந்த போதகர்) பட்டம் 1970-இல் கிடைத்தது.

கேள்வி: கல்லறை எங்கே?

பதில்: உரோமையில், சாந்தா மரியா சோப்ரா மினெர்வா கோவிலின் பெரிய பீடத்துக்கு அடியில். தலை சியன்னாவின் சான் தொமெனிக்கோ கோவிலில் இருக்கிறது.